கிராமபோனுடன் வழக்காடிய ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த குமாரசுவாமி வாழ்நாள் முழுவதும் எதையாவது சேகரித்துக்கொண்டே இருந்தவர். இளவயதில் கற்களும் கனிமங்களும். கண்டியில் இருந்த காலத்தில் கைவினைப் பொருட்கள், அவற்றைச் செய்தவர்களின் தொழில் நுட்பங்கள், அவர்களுடைய காணி விபரங்கள். பிறகு வட இந்தியாவில் ராஜபுத்திர ஓவியங்கள். கடைசி முப்பது வருடங்கள் அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையில் அவர் பார்த்த உத்தியோகமே சேகரித்தவற்றைப் பேணுவதுதான். இசையிலும் அவருக்கு ஆழ்ந்த ஈடுபாடு உண்டு. இசை பற்றி எழுதினார், பாட்டுகளை மொழிபெயர்த்தார், இராகங்களை ஓவியமாகத் தீட்டிய ஏடுகளைத் தேடித் தேடி வாங்கினார்.

இப்படிப்பட்டவர் இசைத்தட்டுகளையும் அடுக்கி வைத்திருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் அவர் அந்தப் பெட்டிக்கு எதிராக ஒரு கட்டுரையே எழுதினார். 1909இல் கொழும்பில் வெளியான, தேசிய இலட்சியவாதம் குறித்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் அது இருக்கிறது. கிராமபோன் ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்குப் பதிலாக எழுதப்பட்ட சிறிய கட்டுரை. நடனமாடும் சிவனைப் பற்றி எழுதியவராகவே குமாரசுவாமியை அறிந்திருக்கும் தமிழ் வாசகர்கள் பலர் இதைக் கண்டிருக்க மாட்டார்கள். பழமைவாதி ஒருவரின் முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடவும் கூடும். ஆனால் இந்தக் கட்டுரை பேசுவது ஒலியின் தரத்தை மட்டும் அல்ல, மனிதர்களின் பிழைப்பையும்தான். அந்தக் கோபத்தின் வேர் கண்டியில் இருக்கிறது.

கல் தேடி வந்தவர்

1877 ஓகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, சட்டத்தரணி, சட்டநிரூபண சபை உறுப்பினர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் தந்தவர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயப் பெண். மகனுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, 1879இல், தந்தை இறந்துவிட்டார். பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார்.

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிக்கு அவர் பணிப்பாளர். தோரியனைற்று என்ற கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அந்த வேலையில்தான், 1904இல். விஞ்ஞானியாக அந்த ஒரு கண்டுபிடிப்பே போதும் அவருக்குப் பெயர் சொல்ல. ஆனால் கல்லைத் தேடிப் போன கிராமங்களில் அவர் கண்ணில் பட்டவை வேறு. மனைவி எதெல் கூடவே போனார். போன ஊர்களிலெல்லாம் குறிப்பு எடுத்தார், ஒளிப்படம் பிடித்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் கைத்தறி நெசவுக்கும் இயற்கைச் சாயத்துக்கும் பெயர் பெற்ற எதெல் மேரெற் இவர்தான்.

அவர்கள் கண்ட கண்டி, இராச்சியம் போய் ஏறக்குறைய 90 வருடங்கள் ஆன கண்டி. தட்டார், கொல்லர், சிற்பிகள், ஓவியர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வேலை கொடுத்த அரசவை இல்லை. அதன் இடத்துக்கு வந்த கோப்பிப் பணமும் தேயிலைப் பணமும் இவர்களைத் தேடவில்லை. பழைய பிரதானிகளின் குடும்பங்கள் ஐரோப்பியத் தளபாடம் வாங்கின. 1905இல் குமாரசுவாமி கண்டியப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். உங்கள் விகாரைகளையும் பழைய கட்டடங்களையும் நீங்களே கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அதன் சாரம். அதே வருடம் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டு அவர் தலைவரானார். ஐரோப்பிய உடையையும் பழக்கத்தையும் யோசிக்காமல் எடுத்துக்கொள்வதை எதிர்ப்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. கோட்டும் சூட்டுமாகக் கண்டிக்கு வந்த ஒருவர் இதைச் சொன்னது சிலருக்கு வேடிக்கையாகவும் இருந்திருக்கலாம்.

மேளத்துக்கு ஒரு காணி

கண்டியில் அவர் கவனமாக ஆராய்ந்தது கலைப்பொருளை மட்டும் அல்ல, அதற்குப் பின்னால் இருந்த காணி முறையை. சிங்கள மன்னர் காலத்தில் தட்டாருக்கும் ஓவியருக்கும் மேளகாரருக்கும் சம்பளம் கிடையாது. காணி உண்டு. அந்தக் காணியை உழுது சாப்பிடும் குடும்பம் அதற்கு ஈடாக அரசனுக்கோ விகாரைக்கோ தேவாலயத்துக்கோ தன் தொழிலைச் செய்ய வேண்டும். இராஜகாரியம் என்பது இதுதான். 1830களில் பிரித்தானியர் அரச இராஜகாரியத்தை ஒழித்தார்கள். கோயில் காணிகளில் அது தொடர்ந்தது. 1870இல் வந்த சேவை நிலவுடைமைக் கட்டளைச் சட்டம், அந்தச் சேவைக்குப் பதிலாகப் பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று வழி செய்தது. சாதியோடு பிணைந்த கட்டாய உழைப்பிலிருந்து இது விடுதலை என்று ஒருவர் சொல்லலாம், அதில் நியாயமும் இருக்கிறது. குமாரசுவாமி அந்தப் பக்கத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, தொழிலும் காணியும் பிரிந்தால் மகன் எதற்குத் தகப்பனிடம் தொழில் பழக வேண்டும் என்ற கேள்வியை.

தலதா மாளிகையில் வழிபாட்டு வேளைகளில் ஒலிக்கும் ஹேவிசியை எடுத்துக்கொள்ளுங்கள். தவுல, தம்மெட்டம, ஹொரணேவ என்ற அந்த வாத்தியங்களின் பெயர்களே தமிழ்க் காதுக்குச் சொந்தம்போல ஒலிக்கும். நம் தவிலும் நாகசுரமும் அவற்றுக்கு உறவு. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்களின் காலத்தில் தென்னிந்திய இசை அரசவைக்குள் வந்ததும் தெரிந்த கதை. அந்த மேளம் ஒலிப்பது கேட்பவர் காசு கொடுத்ததால் அல்ல. இன்ன குடும்பம், இன்ன முறை, இன்ன காணி என்ற ஏற்பாட்டால். மேளகாரர் இறந்தால் மகன் வருவான். மகன் வருவதற்குச் சிறுவயதிலிருந்தே பழகியிருக்க வேண்டும். இசை என்பது ஒலி என்பதைவிட, ஒரு மனிதரிடமிருந்து இன்னொரு மனிதருக்குப் போகும் பழக்கம் என்று குமாரசுவாமிக்குத் தோன்றியதென்றால், அதற்கு இந்த மண்ணில் காரணம் இருந்தது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் சேர்ந்து 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரிய நூலாக வந்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சு இயந்திரத்திலேயே அதை அச்சிட்டார். ஒரு வருடத்துக்கும் மேலான வேலை. 425 பிரதிகள் மட்டும்.

ஒரு குறையை இங்கேயே சொல்லிவிடலாம். அந்த நூலின் பொருள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து எஞ்சி வந்த கண்டிய மரபு. அதே காலத்தில், அவர் நடந்த அதே மலைகளில், தோட்ட லயங்களில் தப்பு ஒலித்துக்கொண்டிருந்தது. மாசி மாதத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. அந்தக் கலைஞர்களுக்குக் காணியும் இல்லை, பிரதானியும் இல்லை. தமிழ்த் தந்தையின் மகன் எழுதிய கண்டி நூலில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. பழைய அரசவையோடு ஒட்டியதுதான் மரபு என்று கொண்டால் இப்படித்தான் ஆகும்.

மெழுகும் அரக்கும்

கிராமபோன் கம்பனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தது 1902 நவம்பரில். குமாரசுவாமி கண்டிக்கு வந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். அக்காலப் பதிவில் மின்சாரம் இல்லை. பாடுபவர் ஒரு பெரிய தகரக் குழலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த ஒலி அதிர்ச்சி ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். ஒரு மணி நேரம் விரியும் ஆலாபனையை மூன்று நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும். தம்புராவின் மெல்லிய ஒலி அந்தக் குழலுக்கு எட்டவே எட்டாது. ஆர்மோனியத்தின் தடித்த ஒலி நன்றாகப் பதியும். எனவே பழைய தட்டுகளில் ஆர்மோனியம் பாட்டையே மூடிக்கொண்டு ஒலிக்கும். மின்சார ஒலிப்பதிவு வந்தது 1925இல்தான்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அந்தத் தட்டுகள் செய்யப்பட்டது அரக்கில். உலகத்துக்கு அரக்கு போனது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை தொடங்கப்பட்டதும் அதனால் பொருத்தமாயிற்று. மாத்தளைக்குப் பக்கத்தில் ஹப்புவிட கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக நகத்தால் இழுத்து வண்ண அரக்கு வேலை செய்து வந்தவர்கள். அரக்கு வேலையைக் குமாரசுவாமி தன் நூலில் விளக்கி எழுதியிருக்கிறார். நகத்தின் அடியில் நூலாக இழுபட்ட அதே பொருள், ஆலையில் கறுத்த வட்டமாக அச்சடிக்கப்பட்டு வரவேற்பறைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

அவருடைய கட்டுரையின் வாதம் எளியது. இசைப்பவருக்கும் ஒலிக்கும் நடுவில் எந்த யந்திரம் வந்தாலும் அது நட்டம். எல்லாவற்றிலும் உயர்ந்தது மனிதக் குரல். அடுத்து, விரல் நேரே தந்தியைத் தொடும் வாத்தியங்கள், ஏனென்றால் மனதின் சிறு அசைவும் விரல் வழியே தந்திக்குப் போகும். பியானோ அதற்குக் கீழே. ஆர்மோனியம் இன்னும் கீழே. இந்தியாவில் இசை ரசனை எவ்வளவு தாழ்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சியாக ஆர்மோனியத்துக்கும் கீழே அவர் வைத்த ஒன்றே ஒன்று, கிராமபோன்.

இதற்குப் பிறகு வருவதுதான் கட்டுரையின் உயிர். ஒரு மனிதனை அழைத்துப் பாடச் சொல்வதற்குப் பதிலாக ஒரு பெட்டியைத் திருகி விடும்போது, அந்த மனிதனின் பிழைப்பை நீங்கள் எடுக்கிறீர்கள் என்கிறார். பிழைப்புப் போனவன் தன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டான். கலியாண வீட்டிலும் திருவிழாவிலும் அவன் வந்து நின்றால் ஊரே அவனைச் சுற்றிக் கூடும், அந்தக் கூட்டமும் கலையும். நட்டம் இசைக்காரனோடு நிற்பதில்லை.

அவர் யந்திரம் எல்லாவற்றையும் வெறுத்தவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சு இயந்திரம் வைத்திருந்தவர் அவர். கருவிக்கும் யந்திரத்துக்கும் ஒரு வேறுபாடு வைத்திருந்தார். கம்பளம் நெய்யும் தறி ஒரு கருவி, இழையை இழுத்துப் பிடித்துக் கைவினைஞரின் விரலுக்கு வசதி செய்கிறது. ஆலைத் தறி யந்திரம், வேலையில் மனிதனுக்குரிய பகுதியையே அது பறித்துக்கொள்கிறது. பல பத்தாண்டுகள் கழித்து ஷூமாக்கர் தன் பௌத்த பொருளாதாரக் கட்டுரையில் இந்த வேறுபாட்டை அப்படியே எடுத்தாண்டார். இதை இசைக்குப் பொருத்திப் பார்த்தால் வீணை கருவி, கிராமபோன் யந்திரம்.

ஆர்மோனியத்தை வெறுத்ததில் அவர் தனியாள் இல்லை. பாரதியும் அதைக் கடுமையாகச் சாடி எழுதியவர்தான். தாகூருக்கும் அது பிடிக்காது. இந்த எதிர்ப்பெல்லாம் திரண்டு 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. அந்தத் தடை தளர 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் கேட்ட விதம்

தட்டு வேண்டாம் என்றவர் எதைக் கேட்டார், எப்படிக் கேட்டார்? இந்திய இசை பற்றிய அவருடைய கட்டுரை 1918இல் வந்த சிவநடனத் தொகுப்பில் இருக்கிறது. பெரிய மண்டபத்துக்கு உரியதல்ல இந்த இசை என்கிறார். ஒரு வீட்டில், சிலர் மட்டும் அமர்ந்து, நேரம் பற்றிய கவலை இல்லாமல் கேட்பதற்கானது. பாட்டு தொடங்குமுன் தம்புரா ஒலிக்கிறது, பாட்டு முடிந்த பிறகும் ஒலிக்கிறது. அந்தத் தொடர்ச்சியில் அவர் காலம் கடந்த ஒன்றைக் கண்டார். நம்மவர் கேட்பது குரலின் இனிமையை அல்ல, பாட்டை என்பது அவருடைய இன்னொரு கருத்து. வயது போன, குரல் உடைந்த வித்துவான் முன்னும் சபை தலையசைக்கிறதே, அதைச் சொல்கிறார். இசைப்பவரைப் போலக் கேட்பவருக்கும் கலை வேண்டும் என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. தட்டுக்கு முன்னால் அமர்பவர் தலையசைத்தால் பாடுபவருக்குத் தெரியப்போவதில்லை.

கேட்டவற்றின் பரப்பும் பெரிது. எதெலுடனான மணவாழ்வு முறிந்த பிறகு அவர் மணந்த அலிஸ் றிச்சட்சன் யோக்ஷயர் பெண், பாடகி. இருவரும் காஷ்மீரில் ஒரு படகு வீட்டில் தங்கினார்கள். கபூர்தலாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரஹீமிடம் அலிஸ் நேரே அமர்ந்து பாட்டுப் படித்தார். ரத்தன் தேவி என்று பெயர் வைத்துக்கொண்டு, தரையில் அமர்ந்து தம்புராவை மீட்டி இலண்டனில் பாடினார். கேட்டு வியந்தவர்களில் தாகூர் ஒருவர். பஞ்சாபும் காஷ்மீரும் தந்த 30 பாட்டுகள் 1913இல் நூலாக வந்தபோது தாகூரே முன்னுரை எழுதினார். பாட்டுகளை ஐரோப்பிய சுரக்குறிப்பில் எழுதியவர் ரத்தன் தேவி, அறிமுகமும் மொழிபெயர்ப்பும் குமாரசுவாமி.

இங்கே அவரைக் கொஞ்சம் மடக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உஸ்தாதின் வாயிலிருந்து வந்த பாட்டை ஐந்து கோட்டுக்குள் அடைத்துத் தாளில் அச்சிடுவது மட்டும் என்னவாம்? அதுவும் ஒரு பதிவுதான். கமகம் தகரக் குழலுக்குள் தப்பியதுபோல ஐந்து கோட்டுக்குள்ளும் தப்பும். அவர் பக்கத்து விடை இப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்: தாள் தானாகப் பாடாது, ஒருவர் பாடித்தான் ஆக வேண்டும். கருவிக்கும் யந்திரத்துக்கும் அவர் வைத்த வேறுபாடு இதிலும் நிற்கிறது. முழுக்க ஏற்க முடிகிறதா என்பது வேறு.

சமகாலத்தவர் எல்லோரும் அவர் வழியில் போகவில்லை. 1910இல் இலண்டனில் அவரும் ஹவெலும் ரொதென்ஸ்ரைனும் சேர்ந்து இந்தியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதே வட்டத்தில் இருந்த பொக்ஸ் ஸ்ராங்வேஸ், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியாவில் அலைந்து, 1914இல் இந்துஸ்தானத்தின் இசை பற்றி ஒரு நூல் எழுதினார். ஹங்கேரியில் பார்டோக் கிராமம் கிராமமாக மெழுகு உருளையில் நாட்டார் பாட்டைப் பதிந்துகொண்டிருந்தார். 1930களில் ஆர்னோல்ட் பாக்கே என்ற ஒல்லாந்தர் இலங்கைக்கே வந்து பதிவு செய்தார். அந்தக் காலத்து ஒலியை இன்று கேட்க முடிவது இவர்களால்.

குமாரசுவாமியின் வாதம் பிசகும் இடம் இன்னொன்று, இதைவிடப் பெரியது. தமிழ்நாட்டில் ஆரம்ப காலத் தட்டுகளில் பாடியவர்கள் யார்? கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மா, சேலம் கோதாவரி. தேவதாசி மரபில் வந்த பெண்கள். சபாக்களும் மரியாதைப்பட்ட வீடுகளும் இவர்களை ஓரங்கட்டத் தொடங்கிய காலம் அது. அவர்களுடைய குரலை அதே வீடுகளின் உள்ளே கொண்டுபோய் வைத்தது கிராமபோன். பணமும் வந்தது. கோயம்புத்தூர் தாயியின் பாட்டைத் தட்டில் கேட்டு, பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜ் அதை வைத்தே ராகமாலிகா என்றொரு இசையை எழுதினார். எல்லா இசைக்காரரையும் யந்திரம் ஒரே மாதிரி வீழ்த்தவில்லை. காணி உள்ள மேளகாரரை மனதில் வைத்து எழுதிய வாதம், காணியும் இல்லாமல் மதிப்பும் இல்லாமல் நின்ற பாடகிக்குப் பொருந்தாது.

சுவரில் தொங்கிய இராகங்கள்

ஓவியங்களுக்கு வருவோம். 1916இல் ராஜபுத்திர ஓவியம் பற்றி இரண்டு பாகங்களில் அவர் எழுதிய நூல் அந்தத் துறையையே தொடக்கி வைத்தது. அவர் சேகரித்தவற்றில் இராகமாலை ஓவியங்கள் முக்கியமானவை. ஒவ்வொரு இராகமும் ஒரு காட்சி. தோடி என்றால் வீணையோடு நிற்கும் பெண், அவளைச் சுற்றி மான்கள். மேக மல்கார் என்றால் மழை. பாட்டு இல்லாமலே பாட்டைப் பார்க்கலாம். இசைத்தட்டுச் சேகரிப்பாளர் தட்டுகளை அடுக்கியதுபோல இவர் இவற்றை அடுக்கினார். பொஸ்டன் நூதனசாலைக்காக 1926இல் வெளியிட்ட ராஜபுத்திர ஓவியப் பட்டியலில் அவை விபரமாக இடம்பெற்றிருக்கின்றன.

இந்தச் சேகரிப்பை இந்தியாவிலேயே ஒரு தேசிய நூதனசாலை அமைத்து வைக்க வேண்டும் என்றுதான் அவர் முதலில் விரும்பினார், காசியில். யாரும் முன்வரவில்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகச் சேவை செய்ய மறுத்தவருக்கு அங்கே இருப்பதும் சிக்கலாயிற்று. 1916இல் ரத்தன் தேவியின் கச்சேரிகளுக்காக அமெரிக்கா போனார்கள். அடுத்த வருடம் பொஸ்டன் நூதனசாலை சேகரிப்பையும் எடுத்துக்கொண்டது, அவருக்கு வேலையும் கொடுத்தது. ரத்தன் தேவியுடனான வாழ்வும் அதிக காலம் நீடிக்கவில்லை. பிறகு நடனக் கலைஞர் ஸ்ரெல்லா புளொக், அதன் பின் லூயிசா.

வயது போகப் போக அவர் எழுத்து நூதனசாலைக்கு எதிராகவே திரும்பியது. பார்த்து ரசிப்பதற்காகவா இவை செய்யப்பட்டன, பயன்படுத்துவதற்காக அல்லவா என்று 1940களில் எழுதினார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் விக்கிரகமும் அரக்குத் தட்டுக்குள் இருக்கும் பாட்டும் ஒரே நிலையில் இருப்பவை. ஒன்றைக் காத்துச் சம்பளம் வாங்கியவர் மற்றதை வெறுத்தார். இந்த முரண்பாட்டை அவர் மறைத்ததாகத் தெரியவில்லை.

1947 ஓகஸ்டில் எழுபது வயது நிறைந்தது. ஓய்வு பெற்று இந்தியா திரும்பி இமயமலைப் பக்கம் போய்விட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார். செப்டம்பர் 9ஆம் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்தில் நீடம் என்ற ஊரில், தன் வீட்டில் இறந்தார்.

அவர் பிறந்த நாடு அவர் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனையில் இருந்தது, மவுண்ட்பேட்டனின் கீழ். அந்தப் படைவீரர்களுக்காக ஒலித்த ரேடியோ சீயாக்கின் வலுவான ஒலிபரப்புக் கருவிகள் போருக்குப் பிறகு இலங்கையிடம் வந்தன, ரேடியோ சிலோனுக்கு அவை பலம் சேர்த்தன. 1952க்குப் பிறகு அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் குறைத்தபோது, கொழும்பிலிருந்து இசைத்தட்டுகள் சுழன்றன, இந்தியா முழுவதும் கேட்டது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அன்று பலர் அறிந்த இலங்கை, அந்தத் தட்டுகளின் இலங்கைதான். குமாரசுவாமி இதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். ஆனால் தட்டைச் சுழல விட்டுவிட்டு ஒரு மனிதக் குரல் நேயர்களின் பெயரைச் சொல்லி அழைத்ததே, அதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

இன்று பல கோயில்களில் பூசை நேரத்தில் ஆளியைத் தட்டினால், மோட்டார் பூட்டிய மேளமும் மணியும் சேமக்கலமும் தானாக அடிக்கின்றன. தவில்காரருக்குக் கொடுக்கக் காசில்லை, நாள்தோறும் வர ஆளில்லை என்பது நிர்வாகத்தின் நியாயம். பொய்யும் அல்ல. கிராமபோனாவது ஒரு காலத்தில் ஒருவர் பாடியதைத் திருப்பித் தந்தது. இந்தப் பெட்டிக்குள் எந்த மேளகாரரும் ஒருபோதும் இருந்ததில்லை.

தலதா மாளிகையில் அப்படி ஒரு பெட்டி இல்லை. அங்கே பரம்பரைக் குடும்பங்கள் முறை வைத்து வந்து இன்றும் தவுல அடிக்கின்றன. அந்த முறையோடு சேர்ந்த காணியைச் சிங்களத்தில் நிலபங்கு என்பார்கள்.